தன்மோக ஆளுமைக் கோளாறு: கடலூர் டியூஷன் ஆசிரியர் ஒருவரின் குடும்பம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத, கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் புதுச்சேரியில் ஒரு மனநலக் குழுவில் சமூகப் பணியாளர். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். உட்கார்ந்து பேசிச் சிகிச்சை தருவது மருத்துவ உளவியலாளர். வீட்டு நிலவரம் கேட்டறிவதும், குடும்பத்தாரோடு பேசுவதும், சட்டம், காவல், நலத்துறை என்று வெளியே போக வேண்டியிருந்தால் வழி சொல்வதும் என் பங்கு.

"என் வீட்டுக்காரர் நார்சிசிஸ்ட்", "என் மாமியார் நார்சிசிஸ்ட்", அதாவது தன்மோக ஆளுமைக் கோளாறு உள்ளவர், என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். பெயர் முதலில் வந்துவிடுகிறது. ஆள் பிறகுதான் வருகிறார், பல சமயம் வருவதே இல்லை. இந்தக் குடும்பத்தில் ஆளும் வந்தார், வேறு காரணத்துக்காக. அதனால்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

## பின்னணி

கணவருக்கு 51 வயது. கடலூரில் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கணிதம், இயற்பியல் டியூஷன் சென்டர் நடத்துகிறார். அந்த வட்டாரத்தில் "சார்" என்றாலே அவர்தான். நல்ல ஆசிரியர் என்பதில் சந்தேகம் வேண்டாம். மீனவர் கிராமத்துப் பிள்ளைகள் சிலரிடம் பீஸ் வாங்காமலே சொல்லிக்கொடுத்து இன்ஜினியரிங் சேர்த்துவிட்டவர். வீட்டில் நடப்பதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள் என்று மனைவி பல வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம்.

மனைவிக்கு 45. எம்.எஸ்சி. கணிதம் படித்தவர். சென்டரின் பீஸ், ரசீது, கணக்கு, பெற்றோர்களின் போன் எல்லாம் அவர் தலையில். ஒரே மகள், சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு.

சென்டர் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது கொட்டகை மொத்தமாகப் போய்விட்டது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதச் சொச்சம்தான் இருந்தது. ஊரில் கரண்ட் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்து வகுப்பு எடுத்து அந்த வருஷத்துப் பிள்ளைகளைத் தேற்றிவிட்டார். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வார். கதையில் அவர் ஒருவர்தான் இருப்பார். மண்டபத்துக்காரரிடம் பேசியதும், ஜெனரேட்டர் வாடகைக்கு வளையலை அடகு வைத்ததும் மனைவி. "அடகு வச்சதுக்கு எனக்கு வருத்தமே இல்லைங்க. ஒரு தடவை நான் அதைச் சொன்னேன். ஸ்டாஃப் எல்லாரும் இருக்கறப்ப, 'உனக்கு ஏதாவது கனவு வந்திருக்கும்'னு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க" என்றார்.

## மனைவி வந்தபோது

வில்லியனூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கடலூர்க்காரர்கள் மனநல சிகிச்சைக்கு இங்கே வருவது புதிதல்ல. உள்ளூரில் காட்டினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். தூக்கமில்லை, படபடப்பு, பின்தலை வலி. குடும்ப டாக்டர் தைராய்டு, சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் பார்த்து, எதுவும் சிக்காமல் எங்களுக்கு எழுதித் தந்திருந்தார்.

போனைத் திறந்து வரிசையாக ரீல்ஸ் காட்டினார். எல்லாம் மகள் அனுப்பியவை, நார்சிசிஸ்ட்டைக் கண்டுபிடிக்க ஏழு அடையாளம் என்கிற வகை. "ஏழுக்கு ஏழும் இருக்குங்க. இது வியாதிதானே? மாத்திரை இருக்கா? அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்துடலாமா?"

கடைசிக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டோம். கலந்து கொடுக்கக் கூடாது. ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து, சட்டப்படியும் நெறிப்படியும் தப்பு, தெரிந்துபோனால் வீட்டில் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். அதோடு, இந்தக் கோளாறுக்கென்று மாத்திரையே இல்லை.

ரீல்ஸ் சொன்ன யோசனைகளில் ஒன்றை அவர் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். எதற்கும் பதில் பேசாமல் கல்லு மாதிரி இருப்பது. கணவர் மூன்று முறை கேட்டார். நாலாவது முறை காபி டம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. மறுநாள் மனைவியின் ஏ.டி.எம். கார்டு அவர் பர்சுக்குப் போனது. ஆளையே விட்டு விலகிவிடு என்பது இன்னொரு யோசனை. சம்பளம் இல்லை, நகை அடகில், தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். எங்கே விலகுவது என்று அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

## கேட்டறிந்தவை

மனைவி சொன்னதில் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

பிளஸ் 2-வில் மகள் கணிதத்தில் 100-க்கு 91. அந்த வருஷம் கெடிலம் பாலத்தருகே கட்டிய பிளெக்ஸில் சதம் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் தபால்தலை அளவில் இருந்தன, நடுவில் இவர் முழு உருவத்தில். வீட்டுக்குள் இரண்டு மாதம் மகளோடு பேச்சில்லை. "சொந்தப் பொண்ணு 91 வாங்கினா நாளைக்கு எவன் பிள்ளையை அனுப்புவான்?" மகள் அழுததைப் பார்த்து, "நடிக்காதே" என்றிருக்கிறார். அவளுக்கு வலிக்கும் என்பது தெரியாமல் இல்லை, அது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை என்பதுதான் மனைவிக்குப் பிடிபடாத விஷயம்.

மனைவி சில வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். ஒரு பெற்றோர் வந்து, "மேடம் சொல்லித்தர்றது பையனுக்கு நல்லாப் புரியுதாம் சார்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு பேட்ச் நின்றுபோனது. இடமில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

மாமியாரின் பதினாறாம் நாள் காரியத்தில் தன்னைக் கூப்பிடும் முன் இன்னொரு மருமகனைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பாதியில் கிளம்பி வந்துவிட்டார். அம்மாவைப் பறிகொடுத்த மனைவி அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு முறை கை நீட்டியிருக்கிறார். மனைவியின் நகை முழுவதும் புதுக் கட்டடத்துக்காக அடகில் இருக்கிறது, ரசீதுகள் அவரிடம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரியாதை எதிர்பார்ப்பது நம் ஊரில் நோய் இல்லை. பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் சொந்தக்காரர் எந்தக் குடும்பத்திலும் உண்டு. பிளெக்ஸ் வைக்கிறவர்களையெல்லாம் சிகிச்சைக்குக் கூட்டிவந்தால் கடலூரில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். மாப்பிள்ளை முறுக்கு வேறு, கோளாறு வேறு. முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை தன் பிள்ளைக்கு ஒன்று என்றால் இறங்கி வந்துவிடுவார். எந்த இடத்திலும், யாரிடமும், எவ்வளவு இழந்தாலும் இறங்க முடியாமல் போகும்போதுதான் நாங்கள் யோசிக்கத் தொடங்குகிறோம்.

## பார்க்காதவருக்குப் பெயர் வைப்பதில்லை

"அப்ப நார்சிசிஸ்ட்தானே?" என்று மனைவி கேட்டபோது, குழுவில் பேசி எடுத்த முடிவைச் சொன்னோம். அவரை நாங்கள் பார்க்கவில்லை, பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டோம்.

மழுப்பல் இல்லை இது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேட்டில் இந்தக் கோளாறு 1980-ல் இடம்பெற்றது. இப்போதைய பதிப்பு ஒன்பது குணங்களைச் சொல்கிறது: தன்னை மிகப் பெரிதாக நினைப்பது, எல்லையற்ற வெற்றிக் கனவுகள், தான் தனிப்பிறவி என்ற எண்ணம், ஓயாத புகழ்த் தேவை, எனக்கு இது உரியது என்ற எதிர்பார்ப்பு, பிறரைப் பயன்படுத்திக்கொள்வது, பிறர் மனநிலையை உணர மறுப்பது, பொறாமை, அகந்தை. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். இளமையிலிருந்தே இருக்க வேண்டும், வாழ்க்கையின் பல இடங்களிலும் தெரிய வேண்டும், அதனால் அவருக்கோ சுற்றியிருப்பவர்களுக்கோ பாதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் வாயிலிருந்து மட்டும் கேட்டு இத்தனையையும் உறுதி செய்ய முடியாது. 2008-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பு, வாழ்நாளில் 6.2 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது, ஆண்களில் 7.7, பெண்களில் 4.8. வேறு கணக்கெடுப்புகளில் இதைவிட மிகக் குறைவாகவே வந்திருக்கிறது. ரீல்ஸ் கணக்குப்படி பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் தேறுவார்.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. மனைவியின் பாதுகாப்புக்குக் கணவரின் நோய்ப்பெயர் தேவையே இல்லை. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதோடு நிற்பதில்லை. அவமானப்படுத்துவது, பணத்தையும் நகையையும் முடக்குவது, இவையும் அதில் வன்முறைதான். செய்தவருக்கு என்ன ஆளுமை என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, என்ன செய்தார் என்றுதான் கேட்கிறது. "அவருக்கு வியாதின்னு நிரூபிச்சாதான் நான் பேச முடியும்" என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூடவே, வியாதி என்றால் மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்றும் நினைத்தார். இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்ப்பதற்கே கொஞ்ச நாள் பிடித்தது.

## மனைவிக்குச் செய்தவை

அவருக்கு மிதமான மனச்சோர்வும் பதற்றமும் இருந்தன. மருத்துவர் மாத்திரை தொடங்கினார், தூக்கம் சீராயிற்று.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொன்னார் தம்பி. நாங்கள் சம்மதிக்கவில்லை. பயமும் கட்டுப்பாடும் இருக்கிற வீட்டில், எங்கள் முன்னால் மனைவி சொன்ன உண்மைக்கு ராத்திரி வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஏற்பாடுகள். அடகு ரசீதுகள், ஆதார், டிகிரி சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து தம்பியிடம் ஒரு பிரதி. மனைவி பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு. பெண்கள் உதவி எண் 181. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை ஒருமுறை சந்தித்து, புகார் கொடுக்காமலே நடைமுறையைத் தெரிந்துகொண்டார். கணவன் பெயரில் வீடு இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாராம்.

பேச்சு முறையையும் மாற்றினோம். மௌனம் கணவரை இன்னும் உசுப்பியது, வாக்குவாதமும் அப்படியே. அதனால் குட்டையான, சுவையற்ற வாக்கியங்கள். "கார்டு எனக்கு வேணும். வெள்ளிக்கிழமை காஸ் வாங்கணும்." அவ்வளவுதான், விளக்கமோ பழங்கதையோ கிடையாது. ஸ்டாஃப், பிள்ளைகள் முன்னால் எதையும் எடுக்கக் கூடாது. நாலு பேர் முன்னால் தலை குனிந்தால் அவர் எதையும் செய்வார் என்பது மனைவிக்கே தெரியும். கார்டு மூன்றாவது வாரம் மேசை மேல் கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

## சரிவு

கல்வியாண்டு தொடங்கும் நேரம், இயற்பியல் எடுத்த ஆசிரியர் விலகினார். இவரிடமே படித்து, இவரே வேலை கொடுத்து, "என் வாரிசு" என்று மேடையில் சொல்லப்பட்டவர். இரண்டு தெரு தள்ளித் தனி சென்டர் தொடங்க, பிளஸ் 2 பேட்ச்சில் ஏறக்குறைய பாதி அங்கே போய்விட்டது.

முதலில் ஆத்திரம். பெற்றோர் வாட்ஸப் குழுவில் ராத்திரி ஒரு மணிக்கு நீள நீளமான செய்திகள், நன்றி கெட்டவன், துரோகி என்று. படித்த பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினார்கள். அது இன்னும் எரிச்சலை ஏற்றியது. பிறகு ஒருநாள் எல்லாம் அடங்கிவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை, சவரம் செய்யவில்லை. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு ஆள் அனுப்பிச் சரக்கு வாங்குவது தினப்படியானது. எப்போதாவது குடிப்பவர், காலையிலேயே குடிக்கத் தொடங்கினார்.

இந்த நேரத்தில் மனைவி எங்களை அழைத்தார். மேசையில் ஒரு கடிதம். சென்டர் பூட்டு எங்கே, பாக்கி எவ்வளவு, யார் யார் தன் சாவுக்கு வரக் கூடாது என்ற பட்டியல். கடைசி வரி: "நான் போன பிறகுதான் இந்த ஊருக்குத் தெரியும்."

இப்படிப்பட்டவர்கள் மிரட்டத்தான் செய்வார்கள், சாகமாட்டார்கள் என்று நினைப்பது உயிருக்கு உலை வைக்கும். தன்னைப் பற்றிய பெரிய பிம்பம் சடாரென்று உடையும்போது, நீண்ட மனச்சோர்வு எதுவும் இல்லாமலே, திட்டமிட்டுத் தற்கொலைக்குப் போகிறவர்கள் இவர்களில் உண்டு. இதை நாடகம் என்று ஒதுக்காமல் அவசரமாக எடுத்துக்கொண்டோம். அன்றிரவே வீட்டில் ஆபத்தானவை அகற்றப்பட்டன, ஆள் மாற்றி ஆள் கூட இருந்தார்கள்.

அழைத்து வந்தது அவருடைய மூத்த அக்கா. தம்பியைக் கண்டிக்கவும் செய்யாமல், கெஞ்சவும் செய்யாமல், "பிரஷர் ஏறிக் கெடக்கு, தூக்கம் இல்ல. பாண்டிச்சேரியில பெரிய டாக்டர் இருக்காரு, எனக்காக வா" என்றார். மனநோய் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. பிரஷர் உண்மையிலேயே ஏறியிருந்தது.

## சேர்த்த பிறகு

வந்தவுடன் வராந்தாவில் உட்கார மறுத்தார். ஜூனியர் டாக்டர் கேள்வி கேட்டபோது, "தம்பி நீங்க எங்க படிச்சீங்க? கட் ஆஃப் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டார். மூத்த மருத்துவரே முதலில் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு நோயாளிக்குத் தனிச் சலுகையா என்று குழுவில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவரை உயிரோடு உள்ளே வைத்திருப்பதே நோக்கம் என்பதால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தானே சம்மதித்துச் சேரும் நோயாளியாகக் கையெழுத்திட்டார். கையெழுத்துக்குக் கீழே டிகிரிகளையும் எழுதினார்.

முதல் வாரம் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கான கவனிப்பு. பிறகு கடும் மனச்சோர்வுக்கு மருந்து. இந்தக் கட்டத்தில் ஆளுமையைப் பற்றி யாரும் முடிவுக்கு வரவில்லை. மனச்சோர்விலும் போதையிலும் இருக்கும் ஒருவரின் குணத்தை அளப்பது, காய்ச்சலில் இருப்பவரை ஓட்டப் பந்தயத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது மாதிரி.

வேறு சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இருதுருவ நோயில் எழுச்சி வரும்போதும் நானே பெரியவன் என்ற பேச்சு வரும். ஆனால் அது அலைபோல வந்து போகும், தூக்கமே வேண்டாத அளவு சுறுசுறுப்பு இருக்கும். இவருக்கு அப்படி எப்போதும் இருந்ததில்லை. ஐம்பதுக்கு மேல் திடீரென்று இரக்கம் போய், கூச்சம் போய், குணமே மாறினால் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயா என்று பார்க்க வேண்டும். "திடீர்னு எல்லாம் இல்லைங்க, பத்தொம்பது வயசுலயே இப்படித்தான்" என்றார் அக்கா.

அக்காவிடம்தான் ஆரம்பம் கிடைத்தது. மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன். அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் பையனை நிறுத்தி வாய்ப்பாடு சொல்ல வைப்பார். பிளஸ் 2-வில் மருத்துவ சீட் கொஞ்சத்தில் தவறிப்போனது. அப்பா அன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். 91 வாங்கிய மகளுக்கு நடந்ததை மனைவி இங்கே நினைத்துக்கொண்டார், நாங்கள் சொல்லாமலே. அதற்காக எல்லாப் பழியையும் அந்த அப்பா மேல் போடவும் முடியாது. பிறவிச் சுபாவம், பரம்பரை, வளர்ப்பு எல்லாம் சேர்ந்துதான் ஆளுமை. இதே வளர்ப்பில் வளர்ந்த அக்கா இப்படி இல்லை.

## பெயர் சொன்ன நாள்

மனச்சோர்வு தெளிந்து, குடி நின்று சில வாரம் ஆன பிறகு, நீண்ட நேர்காணல்களும் அக்கா, மனைவி, பழைய நண்பர் ஒருவர் தனித்தனியாகச் சொன்னவையும் சேர்த்துப் பார்த்ததில், ஒன்பதில் ஆறு தெளிவாக இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியல், 2022-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தத் தனிப்பெயரைப் பயன்படுத்துவதில்லை. லேசானது, மிதமானது, கடுமையானது என்று தீவிரத்தைச் சொல்லி, தூக்கலாகத் தெரியும் குணப்பாங்கைச் சேர்த்துக் குறிக்கச் சொல்கிறது. அதன்படி இவருக்கு மிதமான ஆளுமைக் கோளாறு, பிறர் உணர்வை மதிக்காத போக்கு தூக்கல்.

அவரிடம் சொல்வதா வேண்டாமா? சொல்லாமல் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு, போய்விடுவார் என்ற பயம். சொல்வது என்று முடிவெடுத்தோம். உளவியலாளர் முதலில் பெயரைச் சொல்லாமல் நடப்பதை மட்டும் சொன்னார்: "யாராவது உங்களைக் குறைச்சுப் பார்த்துட்டாங்கன்னு தோணின உடனே அவங்க உங்களுக்கு ஆளே இல்லாமப் போயிடறாங்க. அப்புறம் நீங்களும் உங்களுக்கே இல்லாமப் போயிடறீங்க." அவர் மறுக்கவில்லை. பெயரை அவரே கேட்டு வாங்கினார். கேட்டதும் முகத்தில் ஒரு மலர்ச்சி. "அப்ப பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் இருக்கறதுதானே சார்?" நோயிலும் முதலிடம் பிடித்துவிட்டார் என்று நாங்கள் பிறகு பேசிக்கொண்டோம். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "அதுல இரக்கம் இல்லாதவங்கன்னு போட்டிருக்கு. என் பொண்ணும் அப்படித்தான் நினைக்குதா?" என்று கேட்டார்.

## சிகிச்சையின் போக்கு

எழுபதுகளிலேயே இந்தக் கோளாறைப் பற்றி இரண்டு பெரிய மனப்பகுப்பாய்வாளர்களுக்குள் கருத்து மோதல் உண்டு. பெரியவன் என்ற பிம்பம் சிறு வயதில் கிடைக்காத அங்கீகாரத்தின் மிச்சம், முதலில் அதைப் புரிந்துகொண்டு பரிவோடு நடத்த வேண்டும் என்றார் ஹைன்ஸ் கோஹுட். அந்தப் பிம்பம் உள்ளே இருக்கும் ஆத்திரத்தையும் பொறாமையையும் மறைக்கும் அரண், அதை நேருக்கு நேர் காட்டியாக வேண்டும் என்றார் ஓட்டோ கெர்ன்பெர்க். எங்கள் உளவியலாளர் இரண்டையும் தேவைப்படி கையாண்டார். ஆரம்பத்தில் முதலாமவர் வழி. தானே புயல் கதையை அவர் முழுதாகச் சொல்லட்டும் என்று விட்டார். இரண்டாம் முறை சொன்னபோது, "அந்த ஜெனரேட்டருக்குப் பணம் எப்படிப் புரட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் பதில் இல்லை. "அவதான்" என்றார் கடைசியில், எரிச்சலோடு. அதைக் கண்டிப்பாகவோ பாராட்டாகவோ மாற்றாமல் உளவியலாளர் அடுத்த கேள்விக்குப் போனார்.

எல்லாம் இப்படிப் போகவில்லை. ஒரு மாதம் அந்த உளவியலாளர் இந்தியாவிலேயே சிறந்தவர். அடுத்த மாதம் நேரத்தை மாற்றச் சொல்லி, மாற்றாதபோது, "இதைவிட நல்லா எங்க ஊர் ஜோசியக்காரன் சொல்வான்." பிறகு பொதுத்தேர்வு முடிவு வந்தது. மிச்சமிருந்த பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். உடனே குணமாகிவிட்டதாக அறிவித்துவிட்டு நின்றுவிட்டார். பாதியில் விடுவது இவர்களிடம் மிகச் சாதாரணம். பணிவாக ஒரு கடிதம் அனுப்பினோம், கதவு திறந்திருக்கிறது, மருந்தை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம் என்று. ஆடி மாதம், அட்மிஷன் மீண்டும் மந்தமானபோது திரும்பி வந்தார்.

## இப்போதைய நிலை

மனச்சோர்வு இல்லை. குடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கை நீட்டுவது மனைவி வந்த நாளுக்குப் பிறகு நடக்கவில்லை. இதில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, மனைவியிடம் பாதுகாப்பு அலுவலரின் எண் இருப்பது அவருக்குத் தெரிந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

மனைவி மாடியில் ஒன்பதாம் வகுப்பு பேட்ச்சை மீண்டும் தொடங்கியிருக்கிறார். பீஸ் அவர் கணக்கில் சேர்கிறது. கணவர் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வருகிறவர்களிடம், "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்கிறார், மனைவி திருத்துவதில்லை. நகையில் பாதி மீட்கப்பட்டிருக்கிறது. சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

மகள் அப்பாவின் எண்ணைத் தடுத்தே வைத்திருக்கிறார். மகளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாமா என்று கணவர் கேட்டு, வரைவைக் கொண்டுவந்தார். நாலு பக்கம். மூன்றரைப் பக்கம் அவருடைய கஷ்டம். உளவியலாளரோடு உட்கார்ந்து அதைக் குறைத்துக் குறைத்து ஆறு வரிக்குக் கொண்டுவந்தார்கள். அனுப்பினார். பதில் வரவில்லை. பதில் வராததைத் தாங்கிக்கொண்டு ஒரு வாரம் குடிக்காமல் இருந்ததைத்தான் எங்கள் உளவியலாளர் முன்னேற்றம் என்று கோப்பில் எழுதினார்.

## நடைமுறையில் மாற்றியவை

கணவனும் மனைவியும் ஒரே குழுவில் சிகிச்சைக்கு வரும்போது, இருவருக்கும் வெவ்வேறு பணியாளர் என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுகிறோம். இங்கே இரண்டு பக்கமும் நானே பேசியதால், "நீங்க அவங்க கட்சி" என்று கணவர் நெடுநாள் நம்பினார். ஆய்வு எழுத வசதியாக இருந்தது, சிகிச்சைக்கு இல்லை.

முதல் நேர்காணலில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். ஒன்று, இதைப் பற்றி போனில் என்ன பார்த்தீர்கள், அதில் எதைச் செய்து பார்த்தீர்கள். மற்றது, வீட்டிலிருப்பவர் எதை இழந்தால் தாங்கமாட்டார். பதவியா, பேரா, ஒரு குறிப்பிட்ட ஆளா? இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு மனைவியிடம் பதில் இருந்திருக்கும். அப்படி ஓர் இழப்பு வந்தால் அன்றைக்கே அழைக்கச் சொல்கிறோம். எங்களைப் பிடிக்க முடியாவிட்டால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறோம். வீடியோ அனுப்பிய மகளை ஒரு தகவல் கொடுப்பவராக மட்டும் பார்த்தோம். அவருக்குச் சென்னையிலேயே ஆலோசகர் ஏற்பாடானது தாமதமாகத்தான், அதுவும் அம்மா கேட்ட பிறகு.

இன்னொன்று, காலண்டர் சம்பந்தப்பட்டது. ஆசிரியர், வியாபாரி, அரசியல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஏற்றக் காலமும் இறக்கக் காலமும் இருக்கிறது. இவருக்கு மே மாதம் ஏற்றம், அப்போதுதான் சிகிச்சையை விடுகிறார். அதனால் இந்த ஆண்டு ஏப்ரலிலேயே மே, ஜூன் மாதங்களுக்கான நாட்களை எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை அக்காவிடமும் கொடுத்திருக்கிறோம். மே மாத முதல் தேதிக்கு வந்தார், இருபது நிமிஷம் தாமதமாக. இரண்டாவதற்கு, ரிசல்ட் வேலை இருப்பதாகப் போனில் சொல்லி, வேறு நாள் கேட்டார்.